மார்கழி நள்ளிரவு, தை பத்து மணி, மாசி எட்டு மணி: நெபுலா எப்போது, எங்கே தெரியும் என்று நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழித் திருவாதிரையன்று முன்னிரவில் கிழக்கே பார்த்தால் பெரிய நிலா நிற்கும். அதற்கு வலப்பக்கம் ஒன்றரைச் சாண் தள்ளி மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அவற்றை ஒட்டித்தான் நம் கண்ணுக்கு எட்டும் நெபுலாக்களில், அதாவது விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகங்களில், மிகப் பெயர் பெற்றது இருக்கிறது, ஓரியன் நெபுலா. ஆனால் அன்று அது தெரியாது. நிலா வெளிச்சம் அதை விழுங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே மொட்டைமாடியில் நின்றால், சாதாரண பைனாகுலரிலேயே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு பறவை சிறகு விரித்ததுபோல் தெரியும்.

இடமும் கருவியும் அப்படியேதான் இருக்கின்றன, நாள் மட்டும்தான் வேறு. நெபுலா பார்க்கக் கிளம்பி ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கருவியில் குறை இருப்பதில்லை. தேர்ந்தெடுத்த இரவில்தான் குறை. அந்த இரவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு கூட்டல் கழித்தலுக்கு மேல் போகாது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே பாதி வேலையைச் செய்து தருகிறது.

ஓரியன் நெபுலாவை முழு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முறை பிடிபட்டுவிட்டால் எந்த நெபுலாவுக்கும் அதே கணக்குதான்.

முதலில் இரண்டு எண்கள்

பூமியில் ஓர் ஊரைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல் வானத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று டெக்ளினேஷன். வான நடுக்கோட்டுக்கு வடக்கே எத்தனை டிகிரி, தெற்கே எத்தனை டிகிரி என்று சொல்வது. தெற்கு என்றால் முன்னால் கழித்தல் குறி இருக்கும். இன்னொன்று ரைட் அசென்ஷன். கிழக்கு நோக்கி எவ்வளவு தூரம் என்பதை டிகிரியில் சொல்லாமல் மணி, நிமிடமாகச் சொல்வார்கள். 0 மணியிலிருந்து 24 மணி வரை. செயலிகளில் இவை ‘டெக்’, ‘ஆர்ஏ’ என்ற சுருக்கத்தில் இருக்கும்.

ஓரியன் நெபுலாவுக்குப் பட்டியல் பெயர் எம் 42. பிரான்சின் சார்ல் மெசியே 1769 மார்ச் 4 அன்று குறித்துக்கொண்டது. எம் என்பது அவர் பெயரின் முதல் எழுத்து. அதன் எண்கள்: ஆர்ஏ 5 மணி 35 நிமிடம், டெக் -5.4 டிகிரி. முதல் எண் ‘எப்போது’ என்பதற்கு விடை, இரண்டாம் எண் ‘எங்கே, எவ்வளவு உயரத்தில்’ என்பதற்கு விடை. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் ஊரில் அது தெரியுமா, எவ்வளவு உயரத்தில்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்காமல் மாதம், தேதி பார்ப்பது வீண்வேலை. சில நெபுலாக்கள் சில ஊர்களில் உதிப்பதே இல்லை.

உங்கள் ஊர் அட்சரேகைக்கும் நெபுலாவின் டெக்ளினேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை 90-லிருந்து கழியுங்கள். அதுதான் அந்த நெபுலா உங்கள் ஊரில் ஏறக்கூடிய அதிகபட்ச உயரம். மதுரை 9.9 டிகிரி வடக்கு. ஓரியன் நெபுலா 5.4 டிகிரி தெற்கு. வித்தியாசம் 15.3. 90-லிருந்து கழித்தால் ஏறக்குறைய 75 டிகிரி. யாழ்ப்பாணத்துக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சென்னையில் 71 டிகிரிக்குச் சற்று மேலே. சிங்கப்பூரில் 83, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இது 33 டிகிரிதான் வரும். அங்கே தெற்குப் பக்கம் வீடுகள் மறைக்காத இடமாகத் தேட வேண்டும். டொராண்டோவில் 41. மெல்பர்னில் 57 டிகிரிக்கு மேல் ஏறும், ஆனால் அங்கே வடக்குப் பக்கம் பார்க்க வேண்டும், ஓரியன் எனப்படும் வேடன் உருவம் தலைகீழாக நிற்கும்.

திசைக்கும் இதே எண்கள் போதும். நெபுலாவின் டெக் உங்கள் அட்சரேகையைவிடக் குறைவென்றால் உச்சியில் இருக்கும்போது அது உங்களுக்குத் தெற்கே, கூடுதலென்றால் வடக்கே.

உச்சி உயரம் 20 டிகிரிக்குக் கீழே வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அடிவானத்தை ஒட்டிய தூசியும் ஈரமும் ஊர் வெளிச்சமும் சேர்ந்து மங்கலான பொருளை அழித்துவிடும்.

படி 2: எந்த மாதம்?

ஒரு பொருளைப் பார்க்கச் சிறந்த நேரம் அது உச்சிக்கோட்டைத் தொடும் நேரம். கிழக்கிலிருந்து ஏறி, வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் ஓடும் அந்தக் கற்பனைக் கோட்டைத் தாண்டும்போதுதான் அது அதிக உயரத்தில் இருக்கும்.

மனத்தில் நிறுத்த வேண்டியது ஒரே ஒரு தேதி: செப்டம்பர் 21. அன்று நள்ளிரவில் ஆர்ஏ 0 மணியில் உள்ள பொருள்கள் உச்சியில் இருக்கும். அதிலிருந்து ஆர்ஏ-யின் ஒவ்வொரு மணிக்கும் 15 நாள், ஒவ்வொரு நான்கு நிமிடத்துக்கும் ஒரு நாள் கூட்டிக்கொண்டே போங்கள். ஓரியன் நெபுலாவுக்கு 5 மணி என்றால் 75 நாள், 35 நிமிடம் என்றால் ஏறக்குறைய 9 நாள். மொத்தம் 84. செப்டம்பர் 21-லிருந்து 84 நாள் எண்ணினால் டிசம்பர் 14 வரும். மார்கழி பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அது சுமார் நான்கு நிமிடம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே மார்கழி தொடக்கத்தில் நள்ளிரவு, தை தொடக்கத்தில் இரவு பத்து, மாசி தொடக்கத்தில் எட்டு. பங்குனியில் பொழுது சாயும்போதே உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கத் தொடங்கியிருக்கும். சித்திரைக் கடைசியில் இருட்டிய சற்று நேரத்துக்கெல்லாம் மறைந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. நம் மாதப் பெயர்களே ஒரு வான அட்டவணைதான். பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ, அந்த நட்சத்திரத்தின் பெயரிலிருந்து அந்த மாதத்தின் பெயர் வந்தது. கார்த்திகை மாதத்துக்குக் கார்த்திகை, மார்கழிக்கு மிருகசீரிடம், தைக்குப் பூசம். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால் சூரியன் மறையும்போது உதித்து நள்ளிரவில் உச்சிக்கு வரும். அதை ஒட்டிய நட்சத்திரமும் அப்படித்தான். மார்கழி என்ற பெயருக்குள்ளேயே ‘இந்த மாதம் நள்ளிரவில் மிருகசீரிடம் உச்சியில்’ என்ற செய்தி இருக்கிறது. அந்த மிருகசீரிடம் எங்கே? வேடன் உருவத்தின் தலையில் உள்ள சிறு நட்சத்திரக் கூட்டம். அதில் பிரகாசமான நட்சத்திரத்தின் ஆர்ஏ-யும் 5 மணி 35 நிமிடம்தான். ஓரியன் நெபுலாவும் மிருகசீரிடமும் ஒரே நிமிடத்தில் உச்சிக்கோட்டைத் தொடுகின்றன! முதல்முறை இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் மாதங்கள் சூரியன் நட்சத்திரங்களுக்கிடையே நகர்வதை வைத்து எண்ணப்படுபவை. அதனால் ‘தை பிறக்கும்போது இரவு பத்து மணிக்கு ஓரியன் உச்சியில்’ என்ற கணக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மாறாமல் நிற்கும்.

படி 3: எத்தனை மணிக்கு?

நள்ளிரவு என்று மேலே சொன்னது உங்கள் ஊரின் சொந்த நள்ளிரவு. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால் வானம் கடிகாரத்தைவிடச் சற்றுப் பின்தங்கி ஓடும், ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். சென்னைக்கு 9 நிமிடம், மதுரைக்கு 18, கோவைக்கு 22.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊர் மதுரை, நாள் பிப்ரவரி 10. டிசம்பர் 14-லிருந்து 58 நாள். நாளுக்கு நான்கு நிமிடம் வீதம் 232 நிமிடம், அதாவது 3 மணி 52 நிமிடம். நள்ளிரவு 12-லிருந்து கழித்தால் இரவு 8.08. மதுரைக்கான 18 நிமிடத்தைச் சேர்த்தால் 8.26. செயலி 8.30-ஐ ஒட்டிக் காட்டும். கையால் போட்ட கணக்குக்கு இந்தத் துல்லியம் ஏராளம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் நேர மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையை வைத்து இதே திருத்தத்தைச் செய்யலாம். கோடைக்கால நேரம் நடைமுறையில் இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உச்சி நேரம் மட்டுமே பார்க்கும் நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரியன் நெபுலா நம் ஊரில் உச்சிக்கு நான்கு மணி நேரம் முன்பும் பின்பும் 28 டிகிரிக்குக் குறையாத உயரத்தில் இருக்கும். பிப்ரவரி 10 அன்று நன்றாக இருட்டியதிலிருந்து பன்னிரண்டரை மணி வரை தாராளமாகப் பார்க்கலாம். நன்றாக இருட்டுவது என்றால் தமிழ்நாட்டில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் ஆக வேண்டும். லண்டன்வாசிகளுக்கு இதில் பெரிய சிக்கல் உண்டு. ஜூன் மாதம் முழுக்க அங்கே முழு இருட்டே வராது.

படி 4: நிலா எங்கே?

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது திதியும் நட்சத்திரமும் பாருங்கள். இரண்டுமே வானச் செய்திகள். திதி, நிலா எவ்வளவு பெரிது, எப்போது உதிக்கும், எப்போது மறையும் என்று சொல்கிறது. பௌர்ணமியன்று பொழுது சாயும்போது உதிக்கும் நிலா, அடுத்தடுத்த நாள்களில் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். தேய்பிறைப் பஞ்சமி வாக்கில் அது வரவே இரவு பத்தாகிவிடும். அன்றிலிருந்து அமாவாசை வரை முன்னிரவு முழுதும் நமக்கே. வளர்பிறையில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். நான்காம் பிறை வரை மெல்லிய நிலா, பெரிய தொந்தரவில்லை. பஞ்சமி நிலா மறையப் பத்து மணி ஆகும், அதன்பின் பார்க்கலாம். வளர்பிறை அஷ்டமிக்கு மேல் முன்னிரவை மறந்துவிடுங்கள்.

நட்சத்திரம், நிலா வானத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று சொல்கிறது. தாளில் ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று இருந்தால் நிலா வேடனின் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். அந்த மூன்று நாளும் ஓரியன் நெபுலாவுக்கு ஆகாது. மார்கழியில் அந்த நட்சத்திரங்கள் பௌர்ணமியை ஒட்டி வரும். அதனால்தான் திருவாதிரை இரவு இந்த நெபுலாவுக்கு ஆண்டின் மிக மோசமான இரவாகிறது.

இப்போது எல்லாவற்றையும் சேருங்கள். ஓரியன் நெபுலாவுக்குச் சிறந்த இரவுகள் தை அமாவாசை, மாசி அமாவாசை, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள். மார்கழி அமாவாசையும் நல்லதுதான், ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மிச்ச மேகம் சில ஆண்டுகளில் நிற்கும், பனியும் கண்ணாடியை நனைக்கும்.

படி 5: கணக்கைச் சரிபார்க்க

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். எஃப்6 அழுத்தினால் ஊரைப் போடலாம், எஃப்5-இல் தேதியும் நேரமும், எஃப்3-இல் எம் 42 என்று தேடினால் வானம் தானே அந்தப் பக்கம் திரும்பும். இடது மேல் மூலையில் உயரம், உதிக்கும் நேரம், உச்சி நேரம், மறையும் நேரம் எல்லாம் வரும். ஒன்றில் கவனம் தேவை. இதுபோன்ற மென்பொருளில் நெபுலா ஒளிர்ந்து தெரிவதை நம்பிவிடாதீர்கள், அது புகைப்படம். அதே இரவுக்கு நிலா எங்கே நிற்கிறது என்பதையும் அங்கேயே பாருங்கள்.

மென்பொருள் இருக்கும்போது கையால் எதற்குக் கணக்கு என்று கேட்கலாம். மென்பொருள் நீங்கள் கேட்ட இரவுக்கு மட்டும் பதில் சொல்லும். எந்த இரவைக் கேட்பது என்பதற்கு இந்தக் கணக்கு வேண்டும்.

படி 6: ‘தெரியும்’ என்றால் என்ன?

நெபுலா என்னும் இந்த வாயு, தூசி மேகத்தை ஒண்முகில் என்று தமிழில் சொல்வதுண்டு. சுமார் 1,340 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஓரியன் நெபுலாவில் இன்றும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. படங்களில் சிவப்பும் ஊதாவுமாக இருக்கும். கண்ணுக்கு அது சாம்பல், சிலருக்கு இலேசான பச்சை. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் காணும் செல்கள் வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

ஏமாற வைக்கும் இன்னொன்று, பட்டியலில் கொடுத்திருக்கும் பிரகாச எண். ஓரியன் நெபுலாவுக்கு 4 என்று இருக்கும். அன்னப்பறவை உருவத்தில் உள்ள வட அமெரிக்கா நெபுலாவுக்கும் ஏறக்குறைய அதே எண் இருக்கும். முதலாவது நகரத்திலிருந்தே பைனாகுலரில் தெரியும். இரண்டாவது நல்ல கிராமத்து இருட்டிலும் சோதிக்கும். காரணம், அந்த எண் மொத்த ஒளியைச் சொல்வது. ஒரு கரண்டி நெய்யை ஓர் இட்லியில் ஊற்றுவதற்கும் ஒரு அண்டா சோற்றில் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பிரகாச எண்ணோடு பரப்பளவையும் பாருங்கள். பெரிய பரப்பு என்றால் இருட்டான ஊர் வேண்டும். குதிரைத்தலை நெபுலாவைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுச் சிறு தொலைநோக்கி வாங்காதீர்கள். அதற்கு மிக இருண்ட வானமும் பெரிய தொலைநோக்கியும் வேண்டும்.

இருட்டுக்குத் தமிழ்நாட்டில் எங்கே போவது? ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பதே ஒரு குறிப்புதான். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், பார்க்கப்போகும் திசையில் ஊர் இல்லாத இடமாகப் பாருங்கள். ஓரியன் தெற்கே உச்சிக்கு வருவதால் ஊருக்குத் தென்புறம் போய் நில்லுங்கள், ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

படி 7: அன்றிரவு

போய் இறங்கியவுடன் பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒருமுறை செல்போனை எடுத்துப் பார்த்தால் அத்தனையும் போய்விடும். வெளிச்சம் தேவையென்றால் டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

வானத்தில் அளக்கக் கையே அளவுகோல். கையை நீட்டி விரித்தால் சாண் ஏறக்குறைய 20 டிகிரி. மூடிய கைமுட்டி 10. கட்டை விரல் அகலம் 2.

முதலில் வேடனின் இடுப்பு மூன்று நட்சத்திரங்களைப் பிடியுங்கள். மூன்றும் சேர்ந்து ஒன்றரைக் கட்டை விரல் நீளம். நடு நட்சத்திரத்திலிருந்து தெற்கே இரண்டு கட்டை விரல் தள்ளி, மங்கலான மூன்று புள்ளிகள் வரிசையாகத் தொங்கும். அதுதான் வேடனின் வாள். ஓரியன் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும்போது நம் ஊரில் இந்த வாள் இடுப்புக்கு வலப்பக்கம் படுத்திருக்கும். உச்சியில் தெற்குப் பார்த்து நின்றால் கீழே தொங்கும். மேற்கே இறங்கும்போது இடப்பக்கம் போய்விடும். வாளின் நடுப்புள்ளியை உற்றுப் பாருங்கள். மற்ற இரண்டும் கூர்மையாக இருக்க, இது மட்டும் கண்ணில் நீர் திரையிட்டதுபோல் கலங்கித் தெரியும். அந்தக் கலக்கம்தான் நெபுலா. 1610-இல் பிரான்சின் பெரெஸ்க் தொலைநோக்கியில் முதன்முதலாகக் கண்டதும் இதைத்தான்.

இனிப் பைனாகுலர். 7×50 அல்லது 10×50 போதும். முழங்கைகளை மாடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெளிச்சமான ஒரு முடிச்சு, அதிலிருந்து இருபுறமும் வளைந்து மங்கிப்போகும் சிறகுகள். இப்போது பார்வையை நெபுலாவிலிருந்து சற்று விலக்கி, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் நிறுத்திக்கொண்டு, நெபுலாவைக் கடைக்கண்ணால் கவனியுங்கள். சிறகு இன்னும் நீளும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் கண்ணின் நடுவில் இல்லாமல் ஓரங்களில் செறிந்திருப்பதால் வருவது இது. சிறு தொலைநோக்கி இருந்தால் 50 மடங்கு பெருக்கத்தில் அந்த முடிச்சுக்குள் நெருங்கிய நான்கு நட்சத்திரங்கள் பிரிந்து தெரியும். அந்த மேகத்தை ஒளிர வைப்பவை அவையே.

இதே கணக்கில் இன்னும் இரண்டு

லகூன் நெபுலா, எம் 8. ஆர்ஏ 18 மணி 4 நிமிடம், டெக் -24.4. மதுரையில் தெற்கே ஏறக்குறைய 56 டிகிரி உயரம். ஜூன் 20 வாக்கில் நள்ளிரவு உச்சி, ஆடி தொடக்கத்தில் பத்து மணி, ஆவணி தொடக்கத்தில் எட்டு. ஆனால் அந்த மாதங்களில் மேகம் தொல்லை தரும். அதற்கு வழி, இரண்டு மாதம் முன்பே விடியற்காலையில் பிடிப்பது. நள்ளிரவு உச்சிக்கு இரண்டு மாதம் முன்பு அது நான்கு மணிக்கு உச்சியில் இருக்கும். சித்திரை மாதம் விடியற்காலை நான்கு மணி, வானமும் தெளிவாக இருக்கும். காலண்டரில் கேட்டை, மூலம், பூராடம் இருந்தால் போகாதீர்கள், நிலா அதன் மேலேயே நிற்கும்.

கரீனா நெபுலா, என்ஜிசி என்ற இன்னொரு பட்டியலில் 3372. ஆர்ஏ 10 மணி 45 நிமிடம், டெக் -59.7. ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது, வெறுங்கண்ணுக்கும் தெரியக்கூடியது. லண்டனில் ஒருநாளும் உதிக்காது. டெல்லியில் அடிவானத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடும். சென்னையில் 17 டிகிரி, கன்னியாகுமரியில் 22. படி 1-இல் சொன்ன 20 டிகிரி எல்லையில்தான் நிற்கிறது, ஆனால் இது பிரகாசமானது என்பதால் முயன்று பார்க்கலாம். கன்னியாகுமரிக் கரையில் தெற்கே ஊர் வெளிச்சமில்லாத கடல் இருப்பது பெரிய உதவி. ஆர்ஏ 10 மணிக்கு 150 நாள், 45 நிமிடத்துக்கு 11 நாள், கூட்டினால் நள்ளிரவு உச்சி மார்ச் 1. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து, மே தொடக்கத்தில் எட்டு. இவ்வளவு தெற்கே உள்ள பொருளுக்கு நேரம் குறுகியது. உச்சிக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான். திரிசங்கு எனப்படும் தெற்குச் சிலுவையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கைமுட்டியும் ஒரு கட்டை விரலும் நகருங்கள். பைனாகுலரில் அந்த இடத்தில் நட்சத்திரங்கள் பொடிப்பொடியாக நிறைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே வெண்புகைபோல் பரவி, குறுக்கே ஒரு கருங்கோடு ஓடியிருந்தால் நீங்கள் தேடியது அதுதான்.